தாய் சேய் நலப் படம்

சுவரில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியில் முதலில் கடல் வந்தது, பிறகு ஒரு தொட்டில் வந்தது. தொட்டிலைக் கண்டதும் மாதர் சங்க மண்டபத்தில் இருந்த அறுபது எழுபது பெண்களும் ஒருசேர இளகிப்போனார்கள். பஸ்மியா மட்டும் பிளாஸ்டிக் கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னும் ஏழு நிமிசம், ஏழு நிமிசத்துக்குப் பிறகுதான் நான் வருவேன், என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டாள். படம் மொத்தம் இருபத்திரண்டு நிமிடம் என்று கொழும்பிலிருந்து வந்து அதை எடுத்த இனாயா மிஸ் போனில் சொல்லியிருந்தார். அதில் நாலு நிமிடம் பஸ்மியாவுடையது. முகம் இல்லை, பெயர் இல்லை, ஊர் இல்லை, திரைக்குப் பின்னால் ஒரு நிழல், குரலையும் கொஞ்சம் மாற்றிப் போடுவோம், உங்கட வாப்பாவுக்கே தெரியாது, என்றார். வாப்பா மவுத்தாகி, மண்ணுக்குள் போய் ஒன்பது வருசம். அதை மிஸ்ஸிடம் சொல்லவில்லை. வாப்பாவுக்குத் தெரியாமல் போவது பெரிய விசயமில்லை, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற உம்மாவுக்குத் தெரியாமல் போக வேண்டும். உம்மா ஆசியா, மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் பேத்தியின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தங்கை சுஹைனா. அந்தப் பேத்தியைப் பெற்று இன்றைக்கு முப்பத்தாறாம் நாள். வெள்ளிக்கிழமை நாற்பது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்து வெயிலை மறைத்திருந்ததால் மண்டபம் சோறு வடித்த பானைபோல வெந்தது. முன் வரிசையில் யாரோ பட்டிஸ் தின்கிற வாசம். இவர்களைக் கூட்டி வந்தது பஸ்மியாதான். 'தாய் சேய் நலப் படம்' என்று சங்கத்து நோட்டீஸில் போட்டிருந்தது, அப்படிப் போடச் சொன்னதும் அவள்தான், வேறு பேர் போட்டால் ஒருத்தியும் வரமாட்டாள் மிஸ், என்றாள், வெள்ளிக்கிழமைக்கு முதல் போட்டுக் காட்டுங்க, என்று கெஞ்சினாள். தன் வாயால் தங்கையிடம் சொல்ல முடியாததைத் துணியில் ஓடுகிற நிழல் சொல்லிவிடும், தான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எவ்வளவு லேசான யோசனை.

நாற்பது என்றால் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நாற்பதாம் நாள் பிள்ளைக்கு முடி இறக்கி, குளிப்பாட்டி, பெண்பிள்ளை என்றால் அறையைச் சாத்திக்கொண்டு அதையும், பெண் சுன்னத்து என்கிற அந்தச் சின்ன வெட்டையும், செய்துவிடுவார்கள். அதற்கு வருகிறவள்தான் ஒஸ்தா மாமி. ஊரில் பாதிப் பிள்ளைகளை அவள் கையில் ஏந்தியவள், இந்த மண்டபத்தில் இருக்கிற முக்கால்வாசிப் பேரை அந்தச் சாத்திய அறைக்குள் பார்த்தவளும் அவள்தான். ஆண்பிள்ளைக்கு என்றால் பந்தல் போட்டு ஊருக்கே சாப்பாடு, பெண்பிள்ளைக்கு என்றால் மூச்சுக் காட்டக் கூடாது, ஆம்புளைகளுக்குத் தெரியாமல் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். எட்டு வருசத்துக்கு முதல் பஸ்மியாவின் மகள் லுப்னாவின் நாற்பதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஏன் எல்லாம் வெள்ளிக்கிழமையாகவே வருகிறது? ஆம்புளைகள் ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற நேரம் வீடு வெறிச்சென்று இருக்கும், அதனால்தான், இதைக் கூட அவள் எட்டு வருசம் கழித்துத்தான் யோசித்தாள். உம்மா பாயை விரித்தாள். ஒஸ்தா மாமி பிஸ்மி சொன்னாள். காலைப் பிடி மகள், உம்மாட கைச்சூட்டுக்குப் புள்ள அழாது, என்றாள். பிடித்தாள். இரண்டு கணுக்காலும் அவளுடைய ஒரு கைக்குள் அடங்கின, அவ்வளவு சின்னது, கோழிக்குஞ்சின் கால் மாதிரி, அதற்குள் ஒரு நாடி குதித்துக்கொண்டிருந்தது. பிள்ளை ஒரு தடவை கத்தியது. பிறகு கத்துவதற்கு வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. துணி நனைந்தது, வேறு துணி வைத்தார்கள், அதுவும் நனைந்தது. ஒஸ்தா மாமி முகம் மாறாமல், சில புள்ளைகளுக்கு இப்பிடித்தான், நிண்டுரும், என்றாள். நிற்கவில்லை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வாவிக்கரைப் பாலத்தில் ஓட்டோ குலுங்கியபோது, உம்மா காதோடு சொன்னாள்: "டொக்டர் கேட்டா, நாப்கின் ஊசி குத்திட்டு எண்டு செல்லு. வேற ஒண்டும் செல்லாத." அவள் அப்படியே சொன்னாள். சின்ன வயது டொக்டர் பெண்பிள்ளை அவளை ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எதையோ எழுதினாள். இரண்டு தையல். லுப்னா பிழைத்தாள். ஆனால் நாலு வயது வரைக்கும் சிறுநீர் கழிக்கிற ஒவ்வொரு முறையும் அலறினாள். இப்போதும் வகுப்பில் பாதியில் எழும்பி ஓடுவாள், மாதத்தில் ஒரு தடவையாவது காய்ச்சல், மருந்து, அவளுக்கே ஏன் என்று தெரியாது, பிறந்ததிலேயே இப்படித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கத்தாரில் இருக்கிற அவளுடைய வாப்பா அனஸுக்கும் அதேதான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊசி. எல்லா யோசனையும் சுற்றிச் சுற்றி வந்து அந்த ஊசியில் கொழுவிக்கொண்டது. டவுனில் ஒரு மாடி அறையில், திரைக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார வைத்து மிஸ் கேட்டபோது, எட்டு வருசமாக அடைத்துக் கிடந்தது எல்லாம் ஒரே ஓட்டமாக வந்துவிட்டது, ஊசிக் கதையும் வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் அது உறைத்தது. ஊசியை யார் சொல்லித் தந்தார்கள் என்று தெரிந்த ஆள் உலகத்தில் இரண்டே இரண்டு பேர். இறங்கின உடனே போன் எடுத்தாள். மிஸ், அந்த ஊசி வசனத்த மட்டும் எடுத்துருங்க. எடுக்கிறன் பஸ்மியா, பயப்படாதீங்க. போன கிழமையும் கேட்டாள். எடுத்தாச்சு, என்றார் மிஸ். 'எடுத்தாச்சு' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்ததா? இருந்தது மாதிரியும் இருக்கிறது, லைன் இழுத்தது மாதிரியும் இருக்கிறது. படித்த பிள்ளை, அல்லாஹ்வுக்குப் பயந்த பிள்ளை, பொய் சொல்லுமா? நானும் அல்லாஹ்வுக்குப் பயந்தவள்தான், டொக்டரிடம் சொல்லவில்லையா? மிஸ் இப்போது மண்டபத்தின் பின்பக்கம், கமராவை மூன்றுகால் தாங்கியில் நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றார். பெண்கள் படம் பார்ப்பதையும் படம் எடுக்கிறாராம், உதவி தருகிற நாட்டுக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். திரும்பிப் பார்த்து ஒரு கண் சாடை கேட்கலாமா? கழுத்தைத் திருப்பினால் உம்மா பார்ப்பாள்.

துணியில் ஒரு டொக்டர் பேசினார், ஒரு மௌலவி பேசினார், இது மார்க்கத்தில் கடமை இல்லை என்றார். கடமை என்றும் சிலர் சொல்வார்கள் என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். என்ன படம் என்று அப்போதுதான் சிலருக்கு விளங்கத் தொடங்கியது. கதிரைகள் கிறீச்சிட்டன. "தாய் சேய் எண்டு கூப்புட்டுட்டு என்னத்தக் காட்டுறாள்கள் பாருங்க கா!" என்று ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்தினாள். யாரும் எழுந்து போகவில்லை. பிறகு துணி மங்கியது. ஒரு மஞ்சள் திரை. அதற்குப் பின்னால் ஒரு நிழல்.

நிழலுக்கு மூக்கு இருந்தது. இது ஏன் முதலில் தோன்றவில்லை? நிழல் ஒரு பக்கமாகத் திரும்பியபோது மூக்கின் மேடு அப்படியே தெரிந்தது, அவளுடைய மூக்கு, வாப்பாவின் மூக்கு. அவள் மெதுவாகத் தலையைக் குனிந்து, தலைத் துணியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டாள். குரல் வந்தது. கட்டையான, தொண்டை அடைத்த குரல், அவளுடையது மாதிரியே இல்லை, ஸ்பீக்கர் பெட்டி அதை இன்னும் கரகரப்பாக்கியது, அல்ஹம்துலில்லாஹ். "என்ர புள்ளைக்கு நாப்பதாம் நாள்" என்றது அந்தக் குரல். "கால நாந்தான் புடிச்ச. வேற ஆருமில்ல. என்ர கைதான்." மண்டபத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அந்த ஒரு 'ச்சு'க்காகப் பஸ்மியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எட்டு வருசத்தில் முதல் தடவையாக ஒருத்தி அவளுக்காக 'ச்சு' கொட்டியிருக்கிறாள், யார் என்று திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"வெக்கமில்லாதவள்! பெத்த புள்ளட சங்கதிய உலகத்துக்குச் செல்லுறாள்."

"நம்மட ஊராள் இல்ல. கதையைக் கேட்டா விளங்கல்லியா, அந்தப் பக்கத்தாள்."

"ஆருக்குத் தெரியும். நாளைக்கு அந்தப் புள்ளைய ஆரு கா முடிப்பான்?"

சிரிப்பு. நாளைக்கு அந்தப் பிள்ளையை யார் கலியாணம் முடிப்பான்? லுப்னா இந்நேரம் மதரசாவில் தலைக்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு யாசீன் ஓதிக்கொண்டிருப்பாள், நாலரைக்கு விடுவார்கள், கண் வலிக்கிற மாதிரி குனிந்து ஓதுவாள், தப்பு விட்டால் மூக்கைச் சொறிவாள், அவளுக்கும் அந்த மூக்குத்தான். நீ சிரி, என்று பஸ்மியா தனக்குச் சொல்லிக்கொண்டாள், எல்லாரும் சிரிக்கிற நேரம் சும்மா இருக்கிறவளைத்தான் பார்ப்பார்கள். சிரித்தாள். இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த ஒஸ்தா மாமி அந்த நேரம் பார்த்துத் திரும்பினாள். வயதான, இரக்கமான முகம். துணியில் பேசுகிற பெண்ணுக்காக அவள் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "பாவம், ஆரோ தெரியாதவ கைவெச்சிரிக்கா" என்றாள் உம்மாவைப் பார்த்து. "என்ர கையால ஒரு புள்ளைக்கும் ஒண்டும் நடக்கல்ல. இல்லியா ஆசியா?"

"ஒண்டும் நடக்கல்ல ராத்தா" என்றாள் உம்மா.

எவ்வளவு சுத்தமாகச் சொன்னாள். ஒரு துளி தடுமாற்றம் இல்லை. அவளே அதை நம்புகிறாளோ? சொல்லிச் சொல்லி ஊசி உண்மையாகிவிட்டதோ? பஸ்மியாவுக்கே சில நாள் அப்படித் தோன்றியிருக்கிறது, ஊசிதான், வளைந்த வாயுள்ள நாப்கின் ஊசி, நீலத் தலை வைத்தது, அதை அவள் கண்ணால் கண்டது மாதிரி. மூன்று நிமிடம் போய்விட்டது. இன்னும் ஒரு நிமிடம்தான். ஆஸ்பத்திரிக் கதை தொடங்கியது, ஓட்டோ வந்தது, இந்த இடத்தில்தான் அந்த வசனம், இந்த இடத்தில் வெட்டி ஒட்டியிருப்பார்கள், நேரே தையலுக்குப் போய்விடும், படம் ஒரு தரம் குதிக்கிறது தெரியும், அவ்வளவுதான். படம் குதிக்கவில்லை. நிழல் மூச்சு வாங்கியது. "ஓட்டோக்குள்ள வெச்சி எனக்குச் செல்லித் தந்தாங்க" என்றது. "டொக்டர் கேட்டா நாப்கின் ஊசி குத்திட்டு எண்டு செல்லு எண்டு. நானும் அப்பிடியே செல்லிட்டன்." அதற்குப் பிறகு மிஸ் ஒரு இசையும் போடாமல், வெறும் மஞ்சள் திரையை நெடுநேரம் விட்டிருந்தார். அந்த வசனம்தான் படத்துக்கு உசிர், அதை எப்படி எடுப்பது, என்று யோசித்திருப்பார். சரிதான். மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது, பட்டிஸ் தின்றவள் கூட நிறுத்திவிட்டாள். பஸ்மியா இடப்பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை. உம்மாவின் முழங்கை அவள் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அது மெல்ல, கூட்டத்தில் தெரியாத ஆம்புளையிடமிருந்து விலகுகிற மாதிரி, விலகிப் போனது. வேர்வை பட்ட இடம் குளிர்ந்தது.

அதே நேரம் சுஹைனா உம்மாவுக்குப் பின்னால் சாய்ந்து, கையை நீட்டி, அவள் தோளைத் தொட்டாள். பத்தொன்பது வயது. முகம் வெளுத்திருந்தது. "ராத்தா" என்றாள் மெதுவாக, "உண்மையா இது? இப்பிடி நடக்குமா?" கேள்வி வந்துவிட்டது. இதற்காகத்தானே இவ்வளவும், நோட்டீஸும் கெஞ்சலும் மாடி அறையும். ஓம் என்று ஒரு சொல். ஓம் கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும், அவள் விளங்கிக்கொள்வாள், லுப்னாவைத் தூக்கி வளர்த்தவள், அவள் அலறலைக் கேட்டவள், ஒரு தலையாட்டலில் எல்லாம் பொருந்திவிடும். உம்மா திரும்பவில்லை, பேத்தியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள், ஆனால் அவளுடைய முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

"சும்மா நடிப்பு கா" என்றாள் பஸ்மியா. "பணம் குடுத்து நடிக்க வைக்கிறது."

"அப்ப நம்மட லுப்னாக்கு?"

"அவளுக்குப் பிறவியில. உனக்குத் தெரியும்தானே."

சுஹைனாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததுதான் அன்றைக்கு நடந்த எல்லாவற்றிலும் பொறுக்க முடியாததாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மீதிப் படத்தை லேசான மனதோடு பார்க்கத் தொடங்கினாள்.

விளக்கைப் போட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மிஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, ஸலாம் சொல்லி, உங்கட மனசுல உள்ளத செல்லுங்க, என்றார், மைக்கை முதல் வரிசையில் கொடுத்தார். ஒருத்தி இது வெள்ளைக்காரன்ட வேலை என்றாள். ஒருத்தி நம்மட உம்மாமார் எல்லாம் செத்தா போனாங்க என்றாள். கைதட்டினார்கள். மைக் வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. அப்போதுதான் உம்மா வாயைத் திறந்தாள், உதடு அசையாமல், ஓட்டோவுக்குள் பேசிய அதே காதோரப் பேச்சு. "எழும்பிச் செல்லு."

"என்னத்த உம்மா?"

"பொய் எண்டு செல்லு. எனக்கும் பொம்புளப் புள்ள இரிக்கு, நாப்பதுக்கு வெச்சது, நல்லா இரிக்காள் எண்டு செல்லு. இப்ப நீ செல்லல்லாட்டி நாளைக்கு இதுகள் யோசிக்கும். ஒண்டொண்டாப் பொருத்திப் பார்க்கும். எழும்பு."

உம்மா எதையும் கேட்கவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை, திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. மைக் அவள் கைக்கு வந்தது, யாருடையவோ உள்ளங்கை வேர்வையோடு. எழும்பினாள். மிஸ்ஸின் கமரா அவள் பக்கம் திரும்புவது தெரிந்தது. மிஸ்ஸின் கண்ணில் ஒரு மன்றாட்டம், இல்லை, மன்றாட்டம் மாதிரி ஒரு ஆவல். பேசு, இப்ப பேசு. எல்லாருக்கும் அவளுடைய வாய் தேவையாக இருக்கிறது, ஒருத்தருக்கு இப்படிப் பேச, ஒருத்தருக்கு அப்படிப் பேச. அவள் தொண்டையைச் செருமினாள்.

"எனக்கும் பொம்புளப் புள்ள இரிக்கு" என்றாள். "நாப்பதாம் நாள் வெச்ச. புள்ள நல்லா இரிக்காள். படத்துல பேசின அந்தப் பொம்புள செல்லுறது எல்லாம் பொய்."

மைக்குக்குள் போன அவள் குரல், ஸ்பீக்கர் பெட்டிக்குள் புகுந்து, தொண்டை அடைத்த, கட்டையான, கரகரத்த குரலாக மண்டபத்துக்குள் வந்து விழுந்தது. பயத்தில் அடைத்த தொண்டைக்குக் குரலை யாரும் மாற்றிப் போடத் தேவையில்லை. இருபது நிமிடத்துக்கு முதல் இதே பெட்டியில் இதே குரல். அவள் பேசி முடிக்கும் முன்பே முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக, காற்று வந்து நெல் வயல் சாய்கிற மாதிரி, எல்லாத் தலையும் திரும்பின. யாரும் சிரிக்கவில்லை. ஒஸ்தா மாமியின் வாய் திறந்தபடி இருந்தது, அவள் கண் பஸ்மியாவின் முகத்திலிருந்து உம்மாவின் முகத்துக்குப் போய், அங்கிருந்து தன் இரண்டு கைகளுக்கு இறங்கியது. உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் கமராவை நிறுத்தவில்லை.

சுஹைனா எழும்பினாள். உம்மாவின் மடியிலிருந்து பிள்ளையைப் பறித்தாள், உண்மையாகவே பறித்தாள், பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டது. உம்மா ஒரு கையை நீட்டினாள். "தொடாதீங்க" என்றாள் சுஹைனா. "வெள்ளிக்கிழமை ஒருத்தரும் என்ர ஊட்டுக்கு வரப்போடாது. நீங்களும் வராதீங்க." பிறகு பஸ்மியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகப் பஸ்மியா ஒரு கணம் காத்திருந்தாள், அதில் ஏதாவது ஈரம் இருக்கும் என்று, எப்படியோ பிள்ளை தப்பிவிட்டதே என்று.

"நான் உன்னட்டக் கேட்டன்" என்றாள் தங்கை. "ரெண்டு தரம் கேட்டன். நீ என்ர முகத்தப் பார்த்து, இல்ல எண்ட. வெள்ளிக்கிழமை நான் என்ர புள்ளட காலப் புடிச்சிருந்தாலும் நீ பார்த்துட்டு இரிந்திருப்பாய்."

சுஹைனா போய்விட்டாள், கதவுத் துணியை விலக்கியபோது நாலரை மணி வெயில் ஒரு பாளமாக உள்ளே விழுந்து மூடியது. பெண்கள் எழும்பத் தொடங்கினார்கள், குசுகுசுப்பு கூடியது, லுப்னா என்ற பேர் இரண்டு மூன்று இடத்தில் கேட்டது. உம்மா தன் பையை எடுத்தாள், செருப்பைத் தேடிப் போட்டாள், பிறகு சந்தைக்குப் போகிறவளிடம் சொல்லி அனுப்புகிற மாதிரியான சாதாரணக் குரலில் சொன்னாள்: "மதரசா விடுற நேரம். இதுகள்ர புள்ளைகளும் அங்கதான் ஓதுது. இதுகள் போய் அவளுக்குச் செல்லுறதுக்கு முதல் நீ போய்ச் செல்லு."

மைக்கைக் கதிரையில் வைத்தாள். மிஸ் 'பஸ்மியா, ஒரு நிமிசம்' என்றது காதில் விழுந்தது, கதவுத் துணி முகத்தில் அடித்தது, வெளியே மணல் கொதித்தது. மதரசாவுக்கு எட்டு நிமிட நடை. நடந்தாள். என்ன சொல்லித் தொடங்குவது? உனக்குப் பிறவியில இல்ல மகள். அதற்குப் பிறகு? உனக்கு நாப்பது நாள் இருக்கக்குள்ள. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை, திரைக்குப் பின்னால் ஓட்டமாக வந்த சொற்களில் ஒன்று கூட இல்லை. பின்னால் ஒரு ஸ்கூட்டி வந்தது. இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி பட்டிஸ் தின்றவள். தாண்டிப் போகும்போது பின்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்து, முன்னால் இருந்தவளின் காதில் குனிந்தாள். பஸ்மியா ஓடத் தொடங்கினாள். முப்பத்திரண்டு வயதில், அபாயாவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவில் ஆம்புளைகள் பார்க்கப் பார்க்க ஓடினாள். அடுத்த ஸ்கூட்டி தாண்டியது. மதரசா வாசலில் அவள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் கலையத் தொடங்கியிருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டிகள் நின்றன, தாய்மார் குனிந்து பிள்ளைகளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணி கட்டிய ஒரு கூட்டத்திலிருந்து லுப்னா குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிரித்தபடி, அவளைப் பார்த்து நடந்து வந்தாள்.

"என்ன உம்மா" என்றாள், "ஏன் ஓடி வாறீங்க?"